ஒரு நினைவு நாளுக்கு இரண்டு கோழி

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா செலினிடம் இரண்டு பேர் தனித்தனியாக வந்து ஒரே பொருளைக் கேட்டார்கள்.

முதலில் வந்தவர் மணப்பெண்ணின் அத்தை ஹோவா. காபி குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, மணப்பெண் மாயைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். வியாழக்கிழமை ஒரு முழுக்கோழி வேண்டும். தலையும் காலும் இருக்க வேண்டும். மசாலா எதுவும் வேண்டாம், உப்புப் போட்டு வேகவைத்தால் போதும். தன் அறையிலேயே வைத்துக் கும்பிட்டுக்கொள்வதாகவும், வீட்டில் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்றும் சொன்னார். செலின் சரியென்று தலையாட்டினாள். கல்யாண வீட்டில் இதெல்லாம் ஒரு வேலையா?

கொஞ்ச நேரம் கழித்து, பின்பக்கக் கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கியென் வந்தார். ஹோவாவின் தம்பி, மாயின் அப்பா. அவர் மகளைக் கூப்பிடவில்லை. கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத் தன் மொழியில் ஏதோ சொன்னார். அது சற்று யோசித்துவிட்டு ஒரு பெண் குரலில் தமிழ் பேசியது: "வியாழன் அன்று எனக்கு ஒரு முழுமையான கோழி தேவைப்படுகிறது. அதன் தலை அகற்றப்படக் கூடாது. என் அறைக்கு மட்டும்."

சொல்லி முடித்ததும் கியென் குனிந்து கும்பிட்டார். செலின் ஈரப் போர்வையைத் தோளில் போட்டபடி நின்றாள்.

அன்று சாயங்காலம் அவள் மாயைப் பிடித்து மாடிப்படியில் உட்காரவைத்தாள். மாய்க்குத் தமிழ் பத்து வார்த்தை தெரியும். இருவருக்கும் நடுவே ஓடியது ஆங்கிலம்தான். செலினுடைய ஆங்கிலம் ஆஸ்பத்திரி ஆங்கிலம், மாயினுடையது ஹனோய் யோகா நிலையத்தில் வரவேற்பு மேஜையில் கற்றது. இரண்டும் ஒன்றையொன்று நன்றாகப் புரிந்துகொண்டன.

"என் தாத்தாவின் நினைவு நாள்" என்றாள் மாய். "நாங்கள் நிலாவை வைத்து நாள் கணக்குப் பார்ப்போம். இந்த வருஷம் வியாழக்கிழமை வருகிறது."

"சரி. ஆனா ஒரே ஆளுக்கு ரெண்டு பேரும் தனித்தனியா எதுக்கு?"

"எப்போதும் அப்படித்தான். ஊரில் காலையில் அத்தை வீட்டில் சாப்பிடுவேன். மத்தியானம் அப்பா வீட்டில். இரண்டு வீட்டிலும் வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். ஒரு வீட்டில் குறைத்துச் சாப்பிட்டால் அந்த வீட்டுக்கு மனசு கஷ்டம்."

"ரெண்டு பேருக்கும் சண்டையா?"

மாய் யோசித்தாள். "சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை."

அது செலினுக்கும் தெரிந்துதான் இருந்தது. வந்த நாளிலிருந்து அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் அப்படிப் பார்த்துக்கொண்டார்கள். ஹோவா மீனில் முள் எடுத்துத் தம்பி தட்டில் வைப்பார். கியென் அக்காவின் செருப்பை வெயிலிலிருந்து எடுத்து நிழலில் வைப்பார். மாயின் அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவளை வளர்த்ததே கல்யாணம் செய்துகொள்ளாத இந்த அத்தைதான். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரு செத்தவருக்குத் தனித்தனியாகக் கோழி வேகவைக்கிறார்கள் என்றால் உள்ளே எங்கேயோ சீழ் கட்டியிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. புண்ணைப் பற்றி யோசிப்பது போலத்தான் அவள் எதையும் யோசிப்பாள்.

செலினுக்கு அறுபத்தொரு வயது. பிறந்தது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப்ஸ் பக்கத்தில் சுரங்கத் தொழிலாளிகள் லைன் வீடு. பள்ளிக்கூடம் முடித்ததும் கன்னியாஸ்திரீகள் நடத்திய நர்சிங் பயிற்சிக்காக மைசூருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். மின்வாரியத்தில் வேலை பார்த்த ஸ்டானிஸ்லாசைக் கட்டிக்கொண்டு, என்.ஆர். மொகல்லாவில் கீழே இரண்டும் மேலே இரண்டுமாக அறை கட்டி, ஆலன் என்று ஒரே பையனைப் பெற்று வளர்த்தாள். பணி ஓய்வுக்குப் பிறகும் தெருவில் யாருக்குக் கட்டு மாற்ற வேண்டுமென்றாலும் ஊசி போட வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். வலிக்கிறது என்று கத்துகிறவர்களை அவள் திட்டுவாள். வலியே இல்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் அவளுக்குக் கவலை.

ஆலன் இன்ஜினியரிங் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டு, மைசூரிலேயே கோகுலம் பகுதியில் வெள்ளைக்காரர்கள் படிக்கும் யோகாப் பள்ளியில் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பெரிய ரகளை நடந்தது. பிறகு அவன் ஹனோயில் வேலை கிடைத்துப் போனான். அங்கே மாயைப் பார்த்தான். ஹனோயில் பதிவுத் திருமணம் முடிந்து, இப்போது மே மாதத்தில் மைசூரில் மாதா கோவிலில் கல்யாணம். பெண் வீட்டிலிருந்து வந்தது மாயின் அப்பாவும் அத்தையும் மட்டும்.

மறுநாள் கல்யாணத்துக்குப் பூ சொல்லிவிட்டு வர மாயைக் கூட்டிக்கொண்டு தேவராஜா மார்க்கெட்டுக்குப் போனாள் செலின். வேலை முடிந்து, வெயில் தாங்காமல் ஒரு பாதாம் பால் கடையில் உட்கார்ந்தபோது மாய் தானாகவே ஆரம்பித்தாள்.

தாத்தா ராணுவப் பத்திரிகை ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். ரஷ்ய மொழி தெரிந்தவர், மாஸ்கோவில் கொஞ்ச நாள் படித்தவர். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து மலையில் இருந்து சண்டை போட்டவர். பிரெஞ்சுக்காரர்கள் போனதும் நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கு கம்யூனிஸ்ட் கட்சியின் கையில். தெற்கு, அமெரிக்கா ஆதரித்த அரசின் கையில்.

"அப்புறம் கட்சித் தலைமைக்குள்ளேயே இரண்டு பேச்சு வந்துவிட்டது" என்றாள் மாய். "வடக்கை முதலில் நிமிர்த்துவோம், ஆலை கட்டுவோம், வயலைப் பார்ப்போம், தெற்கை அரசியலால் மெதுவாகச் சேர்ப்போம் என்று ஒரு பேச்சு. தெற்கில் நம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இப்போதே ஆயுதத்தோடு இறங்க வேண்டும் என்று இன்னொரு பேச்சு. அந்த நேரம் பார்த்து ரஷ்யாவும் சீனாவும் முட்டிக்கொண்டன. அமெரிக்காவோடு சமாதானமாக இருந்துகொண்டே ஜெயிக்கலாம் என்றது ரஷ்யா. அது துரோகம் என்றது சீனா. அறுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் மத்தியக் கமிட்டி கூடிப் போரைப் பெரிதாக்குவது என்று தீர்மானம் போட்டது. வேறு மாதிரி நினைத்தவர்களுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ரிவிஷனிஸ்ட்."

பாதாம் பால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன செலின் அப்படியே நிறுத்தினாள்.

"இன்னா சொன்னே?" என்று தமிழில் கேட்டுவிட்டாள். அவள் வாயில் தங்கவயல் தமிழ் வருவது கோபத்திலும் ஆச்சரியத்திலும் மட்டும்தான்.

"ரிவிஷனிஸ்ட். கொள்கையைத் திருத்திக் கெடுக்கிறவன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. சொல்லு."

தாத்தா தீர்மானத்துக்கு எதிராகத் தெருவில் நின்று கோஷம் போடவில்லை. படிப்பு வட்டக் கூட்டத்தில் சந்தேகம் கேட்டார். பத்திரிகையில் ரஷ்யாவைத் திட்டி எழுதச் சொன்னபோது மறுத்தார். முதலில் வேலையிலிருந்து எடுத்தார்கள். அறுபத்தேழில், தெற்கின் நகரங்கள்மேல் ஒரே சமயத்தில் பாயும் பெரிய தாக்குதலுக்குத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தபோது, அப்படிப் பேசியவர்கள் பலரைப் பிடித்தார்கள். தாத்தாவையும் பிடித்தார்கள். வழக்கு இல்லை, விசாரணை மன்றம் இல்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ளே. விட்ட பிறகும் ஒரு கிராமத்தை விட்டு நகரக் கூடாது என்று காவல். அங்கேயே செத்துப்போனார்.

"அப்பாவுக்கு அப்போது பத்து வயது. அவர் மகன் என்பதால் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. சைக்கிள் பழுது பார்த்துத்தான் என்னைப் படிக்கவைத்தார்."

"அத்தை?"

"அத்தைக்குப் பத்தொன்பது வயது. தொண்டர் படையில் சேர்ந்து தெற்குக்குப் போகும் மலைப்பாதையில் குண்டு விழுந்த இடத்தையெல்லாம் நிரவுகிற வேலைக்குப் போனார். முதலில் கைதியின் மகளைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அப்பாவின் கருத்து தப்பு, நான் அதை ஏற்கவில்லை என்று கூட்டத்தில் எழுந்து சொன்னால் சேர்ப்போம் என்றார்கள்." மாய் டம்ளரின் அடியில் தங்கிய பாதாம் பருப்பைச் சுரண்டினாள். "சொன்னார். சும்மா சேர்வதற்காகச் சொல்லவில்லை அம்மா. நம்பித்தான் சொன்னார். இப்போதும் அப்படித்தான் நம்புகிறார்."

வீடு திரும்பும் ஆட்டோவில் செலினுக்கு அந்த வார்த்தைதான் மனசில் ஓடியது. ரிவிஷனிஸ்ட் என்பது தங்கவயலில் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லைன் பிள்ளைகள் பயன்படுத்திய கெட்ட வார்த்தை. கோலி விளையாட்டில் ஏமாற்றுகிறவனை 'போடா ரிவிசனிஸ்ட்டு' என்பார்கள். அர்த்தம் யாருக்கும் தெரியாது. அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் செலினுக்குத் தெரியும். அவள் வீட்டிலிருந்துதான் வந்தது.

அவள் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள், அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள், ஒரே சங்கத்தில் கொடி பிடித்தவர்கள். அறுபத்து நாலில் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்தது. அப்பா பழைய கட்சியில் நின்றார். பெரியப்பா புதிய கட்சிக்குப் போனார். லைனில் அதற்கு எளிய பெயர் வைத்துவிட்டார்கள்: இந்த வீடு ரஷ்யா, அந்த வீடு சீனா. அன்றைக்கு நின்ற பேச்சு பிறகு தொடரவே இல்லை. காலை ஷிப்டுக்கு இருவரும் ஒரே இரும்புக் கூண்டில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு பூமிக்குள்ளே இறங்குவார்கள். வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு வீட்டுச் சுவரிலும் ஹோ சி மின் படம் மட்டும் ஒன்றாகத் தொங்கியது. அவர் எங்கள் ஆள் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது செலின் புருஷனிடம் தன் தீர்மானத்தைச் சொன்னாள்.

"வியாழக்கிழமை ஒரு கோழிதான் வாங்கப்போறேன்."

ஸ்டானிஸ்லாஸ் எந்தத் தகராறையும் தொடாமல் விட்டால் தானே ஆறிவிடும் என்று நம்புகிறவர். "நமக்கு எதுக்கு செலின்? ரெண்டா வாங்கிக் குடுத்துட்டா ஆய்த்து. சம்பந்தி வீட்டு விஷயம்."

"அவங்க வீட்டு விஷயம்தான். ஆனா என் அடுப்புல வேகுது இல்ல?"

"சாமி கும்பிடற விஷயம் வேற. ஃபாதர் காதுக்குப் போனா?"

"நவம்பர் ரெண்டாம் தேதி நாம கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டு போகலையா? அவங்க கோழி வெக்கிறாங்க. போங்க, மோரு ஊத்திக்கோங்க."

ஆலனுக்கும் பயம்தான். "அம்மா, சும்னே இரு. கல்யாண நேரத்துல ஏதாவது ஆயிடும்" என்றான். அவள் அவன் தட்டிலும் மோர் ஊற்றினாள்.

வியாழக்கிழமை காலையில் மனோஜ்குமாரின் கோழிக்கடையில் தலையோடு ஒரு நாட்டுக்கோழி வாங்க அவளுக்குக் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. தலையை வெட்டாமல் இறகு மட்டும் எடுத்துத் தரும்படி யாரும் அவனிடம் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து வேகவைத்தாள். கூடத்து மேஜையில் வெள்ளைத் துணி விரித்தாள். வாழைப்பழச் சீப்பு, வடித்த சோறு, ஊதுவத்தி ஊன்ற அரிசி நிரப்பிய டம்ளர், நடுவில் பெரிய பீங்கான் தட்டில் கோழி. மதியம் ஆனதும், ஸ்டானிஸ்லாசும் ஆலனும் ஓரமாக நிற்க, மாயை அனுப்பி இருவரையும் கீழே கூப்பிட்டாள்.

ஹோவா கையில் ஒரு சட்டமிட்ட படத்தோடு இறங்கிவந்தார். பின்னால் வந்த கியென் கையிலும் ஒரு படம் இருந்தது. இருவரும் மேஜையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் கையிலிருந்த படத்தை மற்றவர் பார்த்தார். ஹோவா கொண்டுவந்தது ராணுவச் சீருடையில் தொப்பியோடு சிரிக்கும் ஓர் இளைஞன். கியென் கொண்டுவந்தது கன்னம் ஒட்டிப்போய், ஒரு வேலியருகே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிழவர். செலின் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, இரண்டும் ஒரே மூக்கு, ஒரே காது.

ஹோவா மாயிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

"இன்னொரு கோழி எங்கே என்று கேட்கிறார்" என்றாள் மாய்.

"நான் சொல்றத அப்படியே சொல்லும்மா. இந்த வீட்டுல அடுப்பு ஒண்ணு. கோழியும் ஒண்ணுதான் வெந்திருக்கு. கும்பிடறவங்க கும்பிடலாம். வேணாம்னா சாயங்காலம் நான் குழம்பு வெச்சுடுவேன்."

மாய் எதைச் சொன்னாளோ, எதை விட்டாளோ, கியென் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். ஹோவா சிரிக்கவில்லை. யார் முதலில் ஊதுவத்தி வைப்பது என்று அடுத்த சிக்கல் வந்தது. மூத்தவர் அக்கா. ஆனால் வழக்கப்படி அது மகனுடைய வேலை. நீ வை என்று அக்கா கை காட்டினார். நீங்கள் வையுங்கள் என்று தம்பி பின்வாங்கினார். மரியாதைதான், ஆனால் இருவருமே அந்த மேஜையைத் தொடவில்லை. கடைசியில் ஹோவா தன் படத்தை எடுத்துக்கொண்டு படியை நோக்கித் திரும்பினார்.

"அக்கா" என்றாள் செலின். அந்த வார்த்தை ஹோவாவுக்கு ஏற்கனவே பழகியிருந்தது. நின்றார்.

"எங்கப்பாவும் அவங்க அண்ணனும் பதினஞ்சு வருஷம் பேசல" என்று செலின் ஆரம்பித்தாள். நின்றபடியேதான், தன் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் சொன்னாள், மாய் ஒவ்வொரு வாக்கியமாக வாங்கித் தன் மொழியில் போட்டாள். "கட்சி ஒடஞ்சதுல வந்தது. பெரியப்பா சுரங்கத்துல பாற வெடிச்சு செத்துட்டாரு. எங்களுக்கு ஒரு சொவருதான் நடுவுல. அழுகைச் சத்தம் எங்க வீட்டுக்குள்ள கேக்குது. பாடிமேல அவங்க கட்சிக் கொடியப் போர்த்தியிருந்தாங்க. அந்தக் கொடிக்குப் பின்னாடி நான் நடக்க மாட்டேன்னு எங்கப்பா போகல. தண்ணிக் குழாய்கிட்ட நின்னு, பொணம் போறதப் பாத்துட்டு வந்துட்டாரு. எனக்குப் பதினாறு வயசு. நாங்களும் போகக் கூடாதுன்னுட்டாரு. பெரியம்மா அதுக்கப்புறம் எங்க மொகத்தப் பாக்கல. எங்கப்பா சாகற வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. நுரையீரல் போயி, மூச்சு விட முடியாம, என் கைலதான் செத்தாரு. கடைசி ரெண்டு நாளும் அண்ணா, அண்ணான்னுதான் கூப்பிட்டாரு. கூப்பிட்டு என்ன?"

மாய் கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். கியென் ஏதோ கேட்டார்.

"உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று கேட்கிறார்" என்றாள் மாய்.

செலின் இதை எதிர்பார்க்கவில்லை. "ரஷ்யாப் பக்கம்."

கியென் திருப்தியாகத் தலையாட்டினார். படியருகே நின்ற ஹோவா உடனே ஏதோ சொன்னார்.

"உங்கள் பெரியப்பா சொன்னதுதான் சரி என்கிறார் அத்தை."

ஸ்டானிஸ்லாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் கட்டு அவிழ்ந்தது. அப்பா சொன்னதில் என்ன தப்பு என்று கியென் அக்காவைப் பார்த்து நேராகக் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார் என்று மாய் பிற்பாடு சொன்னாள். ஹோவா திரும்பி வந்து, படத்தை மறுபடி மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மாய் மொழிபெயர்க்கத் தயங்கினாள். "சொல்லு" என்றாள் செலின். "ஆஸ்பத்திரியில நான் கேக்காத சண்டையா?"

"தெற்கில் எங்கள் ஆட்களைத் தேடித்தேடிப் பிடித்துத் தலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள்" என்றார் ஹோவா. "அவர்களிடம் போய், கொஞ்சம் பொறுங்கள், இங்கே இரும்பாலை கட்டி முடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லச் சொல்கிறாயா? அப்பா சொன்னது அதுதானே?"

"அப்பா பொறுக்கச் சொல்லவில்லை. யோசிக்கச் சொன்னார்" என்றார் கியென். "அறுபத்தெட்டில் ஒரே அடியில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று அனுப்பினார்களே. ஊர்கள் எழுந்து நம்மோடு சேர்ந்துகொள்ளும் என்றார்களே. போன பையன்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?"

"என்னிடம் கேட்கிறாயா? அவர்கள் போன பாதையைப் போட்டது நாங்கள். திரும்பி வந்தவர்களைத் தூக்கியதும் நாங்கள். என் படையில் என்னோடு பாய் விரித்துப் படுத்த பெண்கள் பாதிப் பேர் அந்த மலையிலேயே இருக்கிறார்கள். அப்பா சொன்னது சரி என்று நான் சொன்னால் அவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்று ஆகும்?"

கியென் மேஜைத் துணியின் ஓரத்தை நீவினார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார். மாயின் முகம் மாறியது. செலின் அவளையே பார்த்ததால் வேறு வழியில்லாமல் சொன்னாள்: "எனக்குப் பத்து வயது. அக்கா கூட்டத்தில் எழுந்து அப்பாவை எதிரி என்று சொன்னதாகப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னிடம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை அறைந்தார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை."

"எதிரி என்று சொல்லவில்லை" என்றார் ஹோவா. "தப்பு என்று சொன்னேன்."

"தப்பு என்றால் தப்பு என்று வாதாடியிருக்கலாமே. அப்பா வாதாட மாட்டாரா? விடிய விடிய வாதாடுவார். அதற்கு எதற்கு ஒரு மனுஷனைப் பூட்ட வேண்டும்?"

ஹோவா இரண்டு படங்களில் சைக்கிள் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை அவர் இதற்குமுன் பார்த்திருக்க மாட்டார் என்று செலினுக்குத் தோன்றியது. கடைசியில் மிகச் சின்னதாக ஏதோ சொன்னார். மாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆலன் கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் சொன்னாள்.

"பூட்டியது தப்பு. கருத்தும் தப்பு."

கியென் "கருத்து தப்பில்லை" என்றார்.

"தப்புதான். நாடு ஒன்றாயிற்று."

"எத்தனை லட்சம் பேரைப் புதைத்து?"

"அதைக் கேட்க உனக்கு உரிமை உண்டு. அப்பாவுக்கும் இருந்தது" என்றார் ஹோவா. "அதைத்தான் சொல்கிறேன். அந்த முதல் பாதியை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை. இரண்டாவது பாதியை உனக்காக மாற்றிக்கொள்ள மாட்டேன்."

கியென் கைக்குட்டையை எடுத்து முகம் முழுக்கத் துடைத்தார். மாய் அழுதுகொண்டிருந்தாள். செலினுக்கு அழுகை வரவில்லை. வார்டில் இப்படிப்பட்ட நேரத்தில் யாராவது ஒருவர் அடுத்த வேலையைச் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய அனுபவம்.

"சோறு ஆறுது" என்றாள். தீப்பெட்டியை எடுத்து ஒரு மெழுகுவத்தியை ஏற்றி இருவருக்கும் நடுவே வைத்தாள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஊதுவத்தியோடு அதன்மேல் நீண்டன. யார் வத்தி முதலில் பற்றியது என்று யாரும் கவனிக்கவில்லை.

வத்தி எரிந்து முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கோழியை வெட்டி, உப்பும் மிளகும் எலுமிச்சையும் தொட்டுக்கொண்டார்கள். ஸ்டானிஸ்லாசுக்கு அது உறைக்கவில்லை. மாங்காய் ஊறுகாய் எடுத்துவந்தார். கியென் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலும் கேட்டார். தாத்தாவைப் பற்றிப் பேச்சு வந்தது, ஆனால் கட்சியைப் பற்றி அல்ல. காவலில் இருந்த கிராமத்தில் அவர் வாத்து வளர்த்ததையும், வாத்துகளுக்கு ரஷ்யப் பெயர் வைத்ததையும் கியென் சொன்னார். அது ஹோவாவுக்குத் தெரியாது. என்னென்ன பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

சனிக்கிழமை கல்யாணம் நன்றாக நடந்தது. லேசாக மழை தூறியதைத் தவிரக் குறை இல்லை. மாயைப் பீடம்வரை கூட்டிக்கொண்டு போக வேண்டியது அப்பாவா, வளர்த்த அத்தையா என்று செலின் உள்ளுக்குள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். மாய் அதற்குள் முடிவு செய்திருந்தாள்; ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மூவரும் நடந்து வந்தார்கள். ஹோவா தன் தொண்டர் படைப் பதக்கத்தைப் பட்டுச் சட்டையில் குத்தியிருந்தார். பங்குத்தந்தை அது என்ன பதக்கம் என்று விசாரித்தார். சாலை போட்டதற்குக் கொடுத்தது என்றாள் செலின். பொய் இல்லை.

ஊருக்குத் திரும்பும் முன் ஒரு நாள் எல்லோரையும் ஸ்ரீரங்கப்பட்டணம் கூட்டிப்போனார்கள். காவிரிக்கரையில் ஒரு கல்லில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் ஹோவாவின் குரல் உயர்ந்தது. தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மறுபடியுமா?" என்றான் ஆலன்.

"நாட்டை இரண்டாக்கிய ஐம்பத்து நாலாம் வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாமா கூடாதா என்று ஆரம்பித்திருக்கிறார்கள்" என்றாள் மாய்.

அந்த வாரம் செலின் பெங்களூரில் இருக்கும் பெரியப்பா மகளின் எண்ணை யார் யாரிடமோ கேட்டு வாங்கினாள். கூப்பிட்டாள். அந்தப் பக்கம் எடுத்தவள், 'யாரு' என்று கேட்டு, பெயரைச் சொன்னதும், டாக்டரிடம் போய்க்கொண்டிருப்பதாகவும் பிறகு கூப்பிடுவதாகவும் சொன்னாள். கூப்பிடவில்லை. செலின் அதற்காக அவளைக் குறை சொல்லவில்லை. கிறிஸ்துமசுக்கு மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள்.

ஹனோயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலன் வீடியோவில் கூப்பிடுவான். கார்த்திகை மழை நாளொன்றில் அவன் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் இரண்டு குரல்கள் மோதுவது கேட்டது.

"என்னடா சத்தம்?"

"மாமாவும் அத்தையும்தான். சாயங்காலம் ஆனா மாமா இங்க அத்தை வீட்டுக்குச் சாப்பிட வந்துடறாரு. தட்டு வெக்கறதுக்குள்ள ஆரம்பிச்சுடுது. பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னல சாத்திக்கறாங்க. போனா போகுதுன்னு விடறதே இல்ல ரெண்டு பேரும். அம்மா, நீ வந்து ஏதாவது சொல்லேன்."

"சாப்பிடறாங்களா?"

"அதெல்லாம் நல்லா சாப்பிடறாங்க."

"அப்போ வுடு" என்றாள் செலின். தெருவிலிருந்து யாரோ கட்டு மாற்றுவதற்காக வந்து வாசல் கேட்டருகே நின்றார்கள். அவள் கைப்பேசியை ஸ்டானிஸ்லாஸ் கையில் கொடுத்துவிட்டு, கை கழுவப் போனாள்.